எங்கள் கூட்டணியில் ஓர் அரக்கன்

கதை விளையாட்டு நடத்திப் பிழைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: நாம் உட்கார்ந்து யோசித்துப் படைக்கிற அரக்கனை, ஆட வருகிறவர்கள் கொல்லவே மாட்டார்கள்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மயிலாடுதுறையில் ஒரு பேக்கரி மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். கதையை நான் சொல்வேன். வருகிறவர்கள் ஆளுக்கொரு வீரனாக அதற்குள் நடப்பார்கள்; மேசையில் அவரவருக்கு ஒரு பொம்மை நிற்கும். அடி விழுமா, தப்புமா என்பதைப் பகடை சொல்லும்.

வலையில் விழுந்தவன்

அன்றைய கதையில், கோட்டைக்குப் போகிற வழியில், மதகை அடைத்துக்கொண்டு ஒரு சேற்று அரக்கன். கால்மணி நேரத்தில் செத்துவிடுவான், பிறகு கோட்டைக்குள் போகலாம் என்பது என் திட்டம். தரங்கம்பாடியிலிருந்து வருகிற ராஜு, கடலுக்குப் போகிற குடும்பத்துப் பையன், வாளைத் தொடவே இல்லை. வலையை வீசினான். பகடையும் அவன் பக்கமே விழுந்தது. சரி, இப்போது வெட்டுங்கள் என்றேன். ஆடுகிற மூன்று பேரும் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

“வெட்டி என்னக்கா பண்றது? சேத்துல முங்கி எந்திரிக்கிற ஆள் நம்மகிட்ட இல்ல. கூட வரட்டும்,” என்றான் ராஜு.

பெயர் சூட்டல்

நேற்றுவரை திட்டியவரை இன்று கூட்டணியில் சேர்ப்பது நம் ஊரில் புதிதில்லை என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன். அவன் பெயர் என்ன என்று கேட்டார்கள். சாகப்போகிறவனுக்கு யார் பெயர் வைப்பார்கள், சொல்லுங்கள். ராஜுவே ‘குப்பு’ என்று வைத்தான். அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுகிற மகேந்திரன், அரக்கனுக்கு இது ஒரு பெயரா என்று சிரித்தார். ராஜு சிரிக்கவில்லை.

“எனக்கு முன்னாடி பொறந்தது எதுவும் தங்கலங்க. என்னைக் குப்பையில போட்டு எடுத்து, குப்புராஜ்னு வச்சாங்க. நான் தங்கிட்டேன்ல?”

கயிறு

மகேந்திரன் மிராசு குடும்பம். நிலம் பாதி போய்விட்டது, அதிகாரக் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. குப்புவின் இடுப்பில் கயிறு கட்டி, பொறி இருக்கும் என்று தோன்றிய இடத்துக்கெல்லாம் அவனை முதலில் அனுப்பினார். கதையில் சாப்பாட்டு நேரம் வந்தபோது, அவன் வெளியில் இருக்கட்டும், மிச்சம் இருந்தால் போடலாம் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

கலைச்செல்வி பகடையைக் கீழே வைத்துவிட்டாள். வலங்கைமான் பக்கத்துப் பெண், ஆஸ்பத்திரி லேபில் வேலை. எங்கள் ஆட்டத்தின் மந்திரக்காரி. அவள் நின்றுவிட்டால் இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஆட்டம் நடத்த முடியாது.

“இதுக்குப் பேரு சேத்துக்கிறதாங்க? எங்க தாத்தாவைப் பண்ணையில இப்படித்தான் வச்சிருந்தாங்க. இப்படியே ஆடுறதுன்னா அடுத்த வாரம் நான் வரலை.”

முன்னால் போகிறது யார்

அடுத்த ஞாயிறு வந்தாள், நிபந்தனையோடு. கயிற்றை அவிழ்க்க வேண்டும், குப்புவுக்குத் தனிப் பகடை வேண்டும், இன்று அவனாக மகேந்திரன்தான் ஆட வேண்டும். அவர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். மனிதர் கையை நீட்டிப் பகடையை வாங்கிக்கொண்டார். என்னதான் செய்வார் என்று பார்க்கும் ஆசை எனக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்றே ஓர் இருட்டுச் சுரங்கத்தைக் கதைக்குள் கொண்டுவந்தேன்.

“குப்பு, நீ முன்னாடி போ,” என்றான் ராஜு, பழக்கதோஷத்தில். மகேந்திரன் பகடையைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய டீ ஆறிப்போனது. கடைசியில், “எப்பவும் நான்தான் போகணுமா?” என்று கேட்டார். அது அரக்கனின் குரலாக இல்லை, அவருடைய சொந்தக் குரலாகவே இருந்தது.

கலைச்செல்வி தன் பொம்மையை நகர்த்திக் குப்புவின் பக்கத்தில் வைத்தாள். “இல்லீங்க. வாங்க, சேந்தே போவோம்.”

இனிமேல் எந்த அரக்கனைப் படைத்தாலும், அவனுக்கு ஒரு நாற்காலியும் சேர்த்தே போட்டுவிடுவதாக இருக்கிறேன்.