கவிழ்த்துப் போட்ட கூடை

புஷ்பம் மேடம் இறந்த செய்தி, ஏலம் நடந்துகொண்டிருந்தபோது என் கைபேசிக்கு வந்தது. அனுப்பியவர் ஜெசிந்தா, மேடத்தோடு கல்லூரியில் வேலை பார்ப்பவர். செய்திக்குக் கீழே மேடத்தின் கடைசி ஆய்வுக் கட்டுரைக்கு இணைப்பு இருந்தது. தொட்டேன். பணம் கட்டினால்தான் படிக்கலாம் என்றது. துக்க வீட்டு வாசலில் டிக்கெட் கேட்ட மாதிரி இருந்தது.

நான் நண்டு வியாபாரி. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மேடம் கடல் உயிரியல் பேராசிரியர். சினை நண்டுகளைக் கணக்கெடுக்க எங்கள் ஏலக்கூடத்துக்கு வருவார். இங்கே ஏலத்துக்கு முன் கூடையைத் தரையில் கவிழ்த்தாக வேண்டும். அடியில் செத்தது கிடந்தால் எல்லார் கண்ணிலும் படும். அதைப் பார்த்துவிட்டு மேடம் ஒருநாள், "நாங்க மூடின கூடையத்தான் விக்கோம் அண்ணாச்சி" என்றார்.

ஆய்வுக் கட்டுரைகளை எழுதுவது அவர்கள், கூலியில்லாமல் சரிபார்ப்பதும் அவர்கள். உரிமை மட்டும் பதிப்பாளருக்கு. அதைப் படிக்கச் சந்தா கட்ட முடியாமல் அவர்கள் நூலகமே நிற்கும். "இப்படிக் கடை நடத்தினா ஒரே வாரத்துல எவனும் வர மாட்டான்" என்றேன். "வருவான். வேற கடை கிடையாதுல்லா" என்றார் மேடம்.

அந்த வேறு கடையை அவரே போட்டார். படிக்கவும் எழுதவும் யாரும் எதுவும் கட்ட வேண்டாத இணைய இதழ். திறந்த இதழ்கள் இன்று உலகமெங்கும் பெருகிவிட்டன. பலவற்றில் வாசகருக்கு இலவசம், எழுதுகிறவர் பணம் கட்ட வேண்டும். மேடத்தின் இதழில் அதுவும் இல்லை. ஆனால் அது பெயர் பெற்ற இதழ் இல்லை என்பதால், அதில் எழுதினால் வேலைக்கு உதவாது. நல்ல கட்டுரைகள் வேறு பக்கம் போயின.

அவருடைய கடைசிக் கட்டுரையான நண்டுக் கட்டுரையில் மேடமே மாட்டிக்கொண்டார். கூட எழுதிய ஜெசிந்தாவுக்கு அப்போது தற்காலிக வேலை. பெரிய இதழில் வந்தால்தான் நிரந்தரமாகும். எல்லாரும் படிக்கும்படி திறந்துவைக்க அந்த இதழ்க்காரர்கள் கட்டணம் கேட்டார்கள். நான் கட்டுகிறேன் என்றேன். "இத நீங்க திறப்பீங்க. அடுத்தத யாரு திறப்பா?" என்று மறுத்துவிட்டார். நம் இதழிலேயே போடுவோம் என்று ஜெசிந்தா சொன்னதற்கு, "ஏளா, சும்மா கெட. ஒன் சோத்துல நான் கொள்கை பேச மாட்டேன்" என்றார். உரிமையைப் பெரிய இதழுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன்பின் பல நாள் ஏலக்கூடத்துக்கு வரவில்லை.

கட்டுரை வெளிவந்த வாரம் வந்தார். ஏலம் முடிந்ததும் நடுவில் நின்று, சினை நண்டு எந்த மாதங்களில் கரைப்பக்கம் ஒதுங்குகிறது, அப்போது ஏன் வலை போடக் கூடாது என்று எங்கள் பேச்சிலேயே சொன்னார்.

"எங்க வயித்துல அடிக்கீங்களே மேடம்" என்றார் ஒரு வலைக்காரர்.

"ஆமா, கொஞ்ச நாள் அடிக்கேன். இல்லன்னா கடல் அடிக்கும்."

ஜெசிந்தாவின் வேலை நிரந்தரமாகிவிட்டது. கட்டுரை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். அந்த மாதங்களில் கூடையைக் கவிழ்த்ததும் சினை நண்டு தெரிந்தால் ஏலம் கேட்க மாட்டேன். எனக்கு நட்டம்தான். ஏன் என்று கேட்கிறவரிடம், மேடம் சொன்னதை முதலிலிருந்து சத்தமாகச் சொல்வேன். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்குவதில்லை.