வெள்ளியைப் படம் பிடித்த பங்காளி

சின்னசேலம் மக்காச்சோள வியாபாரி ஆரோக்கியசாமி போன மாதம் இறந்துபோனார். காலையில் மண்டிக்குப் புறப்பட்டவர், வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தார், நிமிரவில்லை. நான் அப்போது உளுந்தூர்பேட்டையில் லோடு லாரிக்காகக் காத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் கணக்கர் போனில் சொன்னார். டம்ளரைக் கீழே வைத்தபோது என் மனதில் முதலில் வந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதிலும் என்னை முந்திக்கொண்டாரே என்றுதான் தோன்றியது. துக்கம் அதற்குப் பிறகு, ஊர் திரும்பும் பஸ்ஸில்தான் வந்தது.

நம் வியாபாரிகள் சங்க மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுதவேண்டும், நான்தான் அவருக்கு நெருக்கம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். நெருக்கம் என்றால் நெருக்கம்தான். ஒரே தொழில், ஒரே சாலை, எதிரெதிர் மண்டி. அவர் வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எட்டிப் பார்க்காமல் நான் ஒரு நாளும் மதியச் சோற்றில் கை வைத்ததில்லை. இருவர் ஜாதியும் வேறு, மதமும் வேறு. ஆனாலும் அவர் என்னைப் ‘பங்காளி’ என்றே கூப்பிடுவார். யாராவது காரணம் கேட்டால், “சொத்துல பங்கு கேக்கறவன் மட்டும்தான் பங்காளியா? வர்ற வண்டில பாதிய இழுத்துக்கினு போறவரும் பங்காளிதான்” என்பார்.

அடக்கத்துக்குப் போயிருந்தவர்கள் அந்தப் பேனரைப் பார்த்திருப்பீர்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் அவர் முகம். மறுபக்கம் அவர் எடுத்த அந்தப் படம்: கறுப்பு வானத்தில் பாதித் தேங்காய் போல வெள்ளிக் கிரகம், அதன் குறுக்கே சிறகு விரித்த தும்பி போல விண்வெளி நிலையம். கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரிடம், “இதப் புடிச்சவர்தான்யா” என்று காட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதே நாள், அதே நேரம், ஒரு வேலி தள்ளி அவரைவிடப் பெரிய கருவியோடு நின்றவன் நான் என்று அந்த ஆளிடம் சொல்ல வாய்வரை வந்தது. சாவு வீட்டில் சொல்கிற பேச்சா அது என்று அடக்கிக்கொண்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருவருமே கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவர்கள். நான் ரயில் நிலையத்தில் மூட்டை இறக்கினேன். அவர் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் சோளம் பிடித்தார். பிறகு இருவரும் மண்டி போட்டோம். கல்வராயன் மலையிலிருந்து சரக்கு கொண்டுவருகிறவர்கள் என் கடையைத் தாண்டித்தான் அவர் கடைக்குப் போகவேண்டும். தாண்டித்தான் போனார்கள். விலையில் நான் கொஞ்சம் ஜாஸ்தி கொடுத்த நாளிலும் அப்படித்தான். ஒருமுறை ஒரு மலைக்காரரை நிறுத்தி, “அங்க இன்னாய்யா கொட்டி வெச்சிருக்குது?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஒண்ணுமில்லீங்க. அவுருகிட்ட போனா வானத்தப் பாத்து மழை எப்பன்னு சொல்லுவாரு. உங்ககிட்ட வந்தா வெல மட்டும்தான சொல்லுவீங்க?” என்றார். அன்றைக்கு விழுந்த முள் அது.

வானத்தைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு எப்போது வந்தது என்று தெரியாது. பொழுது இறங்கியதும் தராசை நிறுத்திவிடுவார். “வெளிச்சம் போனப்பறம் எடை போட்டா, நாம யோக்கியனா இருந்தாலும் எவனும் நம்ப மாட்டான்” என்பது அவர் பேச்சு. இந்தப் பேச்சாலேயே வெளிச்சம் போனபின் எடை போடுகிற என் வாசலுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். எடை நின்றதும் மூட்டைகளுக்கு நடுவே அவருடைய சின்ன டெலஸ்கோப் வெளியே வரும். மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையில் நின்று பார்ப்பார்கள். ஒருநாள் என்னையும் கூப்பிட்டார். வெள்ளி, பிறைநிலா மாதிரி வளைந்து தெரிந்தது. பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரமே அதைப்போல் இரண்டு மடங்கு பெரிய டெலஸ்கோப்புக்கு ஆர்டர் கொடுத்தேன். பெட்டி வந்து இறங்கியபோது அவர் சாலையைக் கடந்து வந்து நின்றார். “இன்னா பங்காளி, போர் போடற மிசினா? அண்ணிக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

பெரிய கருவி வந்தும் எனக்கு நல்ல படம் ஒன்றும் வரவில்லை. அவருக்கு வந்தது. சனியின் வளையம், வியாழனின் பட்டைகள் என்று ஒவ்வொன்றாக அவர் மண்டிச் சுவரில் ஏறின. நான் என் மண்டிச் சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் அவரே என் கடைக்கு வந்து போனை நீட்டினார். விண்வெளி நிலையம் என்பது பூமியைச் சுற்றுகிற பெரிய செயற்கைக்கோள். ஆட்கள் தங்கி வேலை செய்வது. அது வெள்ளிக்கு நேர் குறுக்கே போவதை எல்லா இடத்திலிருந்தும் பார்க்க முடியாது. ஒரு கோடு போட்டாற்போல, ஒரு வயல் அகலத்துக்குத்தான் அந்தக் காட்சி விழும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் நின்றாலும் அது வெள்ளியை விட்டு ஒதுங்கிப் போய்விடும். போனில் இருந்த வரைபடத்தில் அந்தக் கோடு கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையம் சாலையில் உள்ள என் உலர்களத்தின் நட்ட நடுவில் போனது.

“உங்க களத்து மேலயே போவுது பங்காளி. நம்ம பக்கம் இப்படி இன்னொருக்கா எப்ப வருமோ.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் களம் நான் கட்டியது. மழைக்கு முன் நூறு மூட்டைச் சோளத்தை ஒரே நேரத்தில் காயவைக்கலாம். இந்த வட்டாரத்தில் அவ்வளவு பெரிய சிமென்ட் தளம் வேறு யாரிடமும் கிடையாது. நான் பேசுவதற்குள் அவர் சொன்னார்: “ஆனா களத்துல நிக்காதீங்க. பகலெல்லாம் வெயில் குடிச்ச சிமென்ட்டு, பொழுது போனா அத்தனையும் வெளிய விடும். படம் ஆடும். பக்கத்துல நடவு வயல் தண்ணி கட்டிக்கினு கெடக்குதே, அந்த வரப்புக்கு வந்துடுங்க. கோடு அதும் மேலயும்தான் போவுது.”

நான் வியாபாரி. ஒருவன் ஒரு சரக்கை வேண்டாம் என்று சொன்னால் அவனுக்கு அது வேண்டும் என்று அர்த்தம் செய்துகொண்டே இந்த நிலைக்கு வந்தவன். என்னைச் சேற்றுக்கு அனுப்பிவிட்டு என் களத்தில் இவர் நிற்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். “எனக்கு என் எடம் போதும் சாமி. நீங்க வேணா வரப்புல நில்லுங்க” என்றேன். “சரிங்க” என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஏமாற்றம் தெரிகிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை. நன்றாக மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் களத்தைக் கூட்டிப் பெருக்கி, நாற்காலி போட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி, காபிக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வரப்பில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் டெலஸ்கோப்பை நிறுத்தி, தனியாக நின்றார் ஆரோக்கியசாமி. என் மைத்துனர் அவரைப் பார்த்து, “இன்னாங்க, நாத்து நட ஆள் வேணுமா?” என்று கத்தினார். “நட்டுக்கினே பாக்கலாம் வாங்க, கூலி கம்மிதான்” என்று அங்கிருந்து பதில் வந்தது. என் ஆட்களே சிரித்தார்கள்.

மலைக்கு மேலே வானம் இன்னும் வெளுப்பாக இருந்தது. வெள்ளி தெரிந்தது. என் லேப்டாப் திரையில் அது கொதிக்கிற எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. திருகிப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. அதற்குள் யாரோ “அதோ” என்றார்கள். ஒரு வெளிச்சப் புள்ளி சத்தமில்லாமல் ஏறி வந்தது. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏதோ ஒரு கீறல் ஓடியது, முடிந்தது. நிமிர்ந்து வேலிக்கு அப்பால் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. காமிரா அதன் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டு, அண்ணாந்து, அந்தப் புள்ளி போகிற திசைக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நேரில் அது போனதைப் பார்த்தவர் அவர். என் செலவில் என் களத்தில் காபி குடித்தவர்களும் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

மறுநாள் படத்தோடு வந்தார். ஓடிய வீடியோவில் ஒரே ஒரு பிரேமில் மட்டும் அது வெள்ளிமேல் இருந்தது. கம்பி கம்பியாக, இறக்கையோடு, செதுக்கிவைத்த மாதிரி இருந்தது. “உங்க களத்துக்குப் பக்கத்துல எடுத்ததுன்னு கீழ போட்டுடறேன் பங்காளி. கோடு உங்க மேலதான போச்சு?” என்றார். அவர் திமிராகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன். இந்தப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. “பேரெல்லாம் வேணாம்” என்று எடைக்காரரைக் கூப்பிடப் போய்விட்டேன். இன்றுவரை அந்தப் படத்தைப் பார்த்தால் பொறாமைதான் முதலில் வருகிறது. அவர் போன பிறகும் அது நிற்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, அவர் மனைவி பிலோமினாவைப் பார்க்கப் போனேன். அந்தச் சின்ன டெலஸ்கோப்பை விற்றுவிடப்போகிறார்கள், கள்ளக்குறிச்சி கல்லூரி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார் என்று காதில் விழுந்திருந்தது. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“உங்க வூட்லதான் இதவிடப் பெருசு கெடக்குதேண்ணா. இது எதுக்கு?” என்றார்.

“அது எடுக்கல. இதுதான் எடுத்துச்சு.”

அதைக் கேட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். “ரெண்டு பேரும் ஒரே மாதிரிதாண்ணா. அன்னிக்கு ராத்திரி சேத்துக் காலோட வந்து ஒக்காந்துக்கினு, படத்தப் பத்திப் பேசவேயில்ல. ‘பிலோமினா, அந்தக் களம் மட்டும் என்னுதா இருந்தா எவ்ளோ சோளம் காய வெப்பேன்’னு அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு. வருசமெல்லாம் உங்க களத்தப் பாத்து வயிறு எரிஞ்சாரு.”

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள். மழைக்கு முன் தன் சரக்கை நனையவிட்டுக்கொண்டு, எதிர்க்கடைக்காரனின் சிமென்ட் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர் என் ஆரோக்கியசாமி. வானத்தை மட்டுமே பார்த்தவரை எனக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கும். இவரை நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் அவர் மண்டி வாசலை இப்போதும் எட்டிப் பார்க்கிறேன்; பார்த்துவிட்டுச் சோற்றைப் பாதியில் வைத்துவிடுகிறேன்.

டெலஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிலோமினா காசு வாங்கவில்லை; நிபந்தனை போட்டார். இனி அதில் நான் எடுக்கிற ஒவ்வொரு படத்தின் கீழேயும் தன் கணவர் பெயர் இருக்கவேண்டும் என்றார். நான் பேரம் பேசினேன். பேசாமல் வந்திருந்தால் ஆரோக்கியசாமியே என்னை மதித்திருக்க மாட்டார். கடைசியில் இப்படி முடிந்தது: களத்தில் வைக்கக்கூடாது, வரப்பில்தான் வைக்கவேண்டும். படத்தின் கீழே முதலில் ஆரோக்கியசாமி பெயர், அதற்கு அடுத்து என் பெயர். எழுத்து இரண்டுக்கும் ஒரே அளவு.