நானூறு கிலோவுக்கான பரசூட்

சரீப் மாமா விமானம் ஓட்டுகிறவர் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் தொப்பியும் வெள்ளைச் சட்டையும் போட்ட ஒருவரை நினைத்துக்கொள்கிறார்கள். அவர் சாரத்தோடு சைக்கிளில் ஆலங்குடாவுக்குப் போய், அங்கே காற்சட்டை மாற்றிக்கொண்டு பறந்தவர். அவருடைய விமானத்துக்கு மூன்று சில்லு, இரண்டு கதிரை, பின்னால் ஓர் எஞ்சின், மேலே முக்கோணத் துணிச் சிறகு. சுவர் இல்லை, கதவு இல்லை. முன் கதிரையில் மாமா, பின் கதிரையில் ஒரு சுற்றுலாப் பயணி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் தட்டையாகக் கிடக்கும். அந்த மாதங்களில் காலை ஆறரைக்குக் களப்பு ஏரியோரத்து மண் வெளியிலிருந்து எழும்பி, டொல்பின் கூட்டத்தை மேலிருந்து காட்டிவிட்டு இருபது நிமிடத்தில் இறங்குவார்.

அவர் என் உம்மாவின் தம்பி. வயது நாற்பத்தாறு. இருபது வருடம் கண்டக்குழியில் படகு எஞ்சின் திருத்தினார். மஹ்ரூப் ஹாஜியார் தன்னுடைய கபானாக்களுக்கு, அந்தக் கடலோர விடுதிக் குடில்களுக்கு, ஆள் சேர்க்க அந்த விமானத்தை வாங்கி இறக்கியபோது, எஞ்சினைப் பார்த்துக்கொள்ளத்தான் மாமாவைக் கூப்பிட்டார். கூடவே வந்திருந்த பயிற்சியாளர் ஒன்றரை வருடம் இருந்தார். மாமாவுக்கு ஓட்டப் பழக்கி, பரீட்சை எழுதவைத்து, அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகு ஊருக்குப் போய்விட்டார்.

விமானத்தின் வலப்பக்கத்தில் தலையணை அளவில் ஒரு பை தொங்கும். அதற்குள் பரசூட். அந்தரத்தில் சிறகு முறிந்தாலோ வேறேதும் நடந்தாலோ விமானி சிவப்புப் பிடியை இழுத்துப் பையைத் தூர எறிய வேண்டும். பரசூட் விரிந்து விமானத்தையும் இரண்டு பேரையும் சேர்த்து இறக்கும். விமானத்தோடு வந்த பரசூட்டுக்குக் காலம் முடிந்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு, புதிதாக ஒன்று வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார்.

ஹாஜியார் நீர்கொழும்பில் யாரிடமோ ஒன்றை வாங்கிக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு வந்தார். மாமா பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கட்டினார்.

“ஹாஜி, இது ஒரு ஆள் முதுகில கட்டிக்கிட்டுப் பாயுறது. நாங்க பாயுற இல்லையே, மெசினோட சேத்துல்ல வாறது.”

“பரசூட்டெண்டா பரசூட்தானே சரீப். கலியாணத்துக்குப் புடவை எடுக்கிற மாதிரி நிக்கிறியே.”

“புடவை கிழிஞ்சா மாத்திக் கட்டலாம் ஹாஜி.”

அதற்குப் பிறகு மாமா செய்ததை நுரைச்சோலையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். விமானத்தைக் கழற்றி ஒரு சின்ன லொறியில் ஏற்றி, வெங்காயம் வாங்கும் கடைத் தராசுக்குக் கொண்டு போனார். சிறகு ஒரு தடவை, எஞ்சின் ஒரு தடவை, சட்டம் ஒரு தடவை. மூட்டை சுமக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

“சரீப் நானா, தோலோடயா, தோல் உரிச்சா நிறுக்கிற?”

“நீங்களும் தட்டில ஏறுங்க நானா, ஒரேயடியா மொத்தமா வெல போடுவம்.”

மாமா உண்மையாகவே ஏறினார். விமானம் நூற்று எழுபத்தாறு. மாமா எழுபத்தொன்று. பெற்றோல் இருபது. பின் கதிரைக்காரர் ஆகக் கூடினால் நூறு. எல்லாம் முந்நூற்று அறுபத்தேழு. “நானூறு கிலோ தாங்குறது வேணும்” என்று கடையில் வைத்தே சொன்னார். தன் உடம்பின் நிறையை மட்டும் கணக்கில் எடுத்துப் பரசூட் வாங்கி, அது சுமை தாங்காமல் செத்த விமானிகளைப் பற்றி அவர் படித்திருந்தார். நானும் பிறகு படித்தேன். அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இரண்டாவதாக வந்தது புத்தம் புதியது. ஆனால் இருநூற்றைம்பது கிலோவுக்குத்தான். ஹாஜியாருக்கு அதன் பளபளப்புப் பிடித்துவிட்டது. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது, வெளிநாட்டில் ஒரு பறக்கும் கழகத்தில் நாலு வருடம் பொதி கட்டியபடியே இருந்த ஒன்று. நானூறு கிலோ. ஒரு நாளும் எறியப்படாதது. மாமா பத்தொன்பது கேள்விகள் சொல்ல, பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிற சிபானா மாமி அவற்றை எழுதி அனுப்பினார். எவ்வளவு உயரத்தில் எறிந்தால் நிலத்துக்கு முன் விரியும்? உப்புத் தண்ணீர் பட்டதா? பிடி இடது கைக்கும் எட்டுமா? வார் எஞ்சினின் விசிறியில் சிக்காமல் எந்த வழியால் போக வேண்டும்? அப்படியே பத்தொன்பது. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது.

“என்னட்ட கலியாணம் பேசி வந்தப்போ இதில பாதிக் கேள்வி கேக்கல்ல” என்றார் மாமி.

“உங்கள எறியத் தேவைப்படாதே.”

பரசூட் வந்தது. நல்ல செம்மஞ்சள் நிறம். நீர்கொழும்பில் பரசூட் சோதித்து மடித்துக் கட்டுகிற கேதீஸ்வரன் என்பவரிடம் மாமா கொண்டுபோனார். கேதீஸ்வரனுக்குச் சொந்த ஊர் உடப்பு. அவர் இரண்டு நாள் சோதித்துவிட்டு, இதைவிடப் பொருத்தமானது இந்த விமானத்துக்குக் கிடைக்காது என்றார். அவர் துபாய்க்கு வேலைக்குப் புறப்படும் நேரம் அது. அதனால் மடிக்கும் முறையை மாமாவுக்கே பழக்கிக் கொடுத்தார். விமானத்தைக் கையில் எடுத்த நாளிலிருந்து மாமா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

கேதீஸ்வரன் கடைசியாகச் சொன்னது இது: “ஈரம்தான் நானா எதிரி. ஈரத்தோட மடிச்சா பூஞ்சணம் பிடிக்கும், துணி ஒண்டோட ஒண்டு ஒட்டும். எறிஞ்சா விரியாது.”

எங்கள் கற்பிட்டியில் ஈரத்தை எப்படிப் போக்குவது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. அலுமாரிக்குள் இருக்கும் சட்டையிலேயே உப்புப் பிசுபிசுக்கும். கருவாடு, மிளகாய், வலை, மெத்தை, குர்ஆன் ஓதும் பாய், எல்லாவற்றையும் நாங்கள் வெயிலில்தான் போடுகிறோம். தேர்ந்தெடுப்பதற்குப் பத்தொன்பது கேள்வி கேட்ட மனிதர், வைத்திருப்பதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது தனக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மாதத்தில் ஒரு நாள், காலையில் பரசூட்டைப் பிரித்து, வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கிடையே கயிறு கட்டி விரிப்பார். கருவாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் அது பெரிய செம்மஞ்சள் கூடாரம் மாதிரி நிற்கும். நிழல் விழுந்தால் இழுத்து வெயிலுக்குக் கொண்டுவருவார். காகம் எச்சமிடாமல் கதிரை போட்டுக் காவல் இருப்பார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தொட்டுப் பார்ப்பார். மொறமொறவென்று காய்ந்திருந்தால் முகம் மலர்ந்துபோகும். பிறகு இரண்டு மணித்தியாலம் மடிப்பார். மழை மாதங்களில் ஒரு நாள் வெயில் போதாது என்று இரண்டு நாள் போடுவார். இப்படி இரண்டரை வருடம்.

இந்த ஜனவரியில் கேதீஸ்வரன் துபாயிலிருந்து திரும்பி வந்தார். மாமாவே போன் பண்ணி, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். பாராட்டு வாங்க ஆசைப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். கபானாவின் சாப்பாட்டு மண்டபத்தில் மேசைகளை ஒதுக்கி விரித்தார்கள். ஹாஜியாரும் மாமாவின் தம்பி அஸ்ஹானும் இருந்தார்கள். அஸ்ஹான் கட்டாரிலிருந்து வந்து வேலை இல்லாமல் இருந்து, மாமாவிடமே ஓட்டப் பழகி, போன வருடம் அனுமதிப்பத்திரம் எடுத்தவர்.

கேதீஸ்வரன் துணியை விரலால் தடவினார். பையிலிருந்து இரண்டு கவ்விகளையும் ஒரு வில்லுத் தராசையும் எடுத்தார். துணியை இரண்டு பக்கமும் கவ்விகளால் பிடித்து இழுத்தார். தராசு முள் பாதி தூரம்கூடப் போகவில்லை. துணி கிழிந்தது. பெரிய சத்தமும் இல்லை. பழைய பத்திரிகை கிழிகிற சத்தம்.

வேறொரு இடத்தில் இழுத்தார். அங்கேயும் கிழிந்தது.

“நானா, இத வெயில்ல போட்டீங்களா?”

“போடாம? மாசத்துக்கு ஒருக்கா, நாள் முழுக்க. நீங்கதானே ஈரம் கூடா எண்டீங்க.”

“நிழல்ல நானா... நிழல்ல, காத்துப்பட. வெயில் இந்த நூலத் தின்னுரும்.”

“வலையும் நைலோன்தானே. எங்கட வாப்பா காலத்திலயிருந்து வெயில்லதான் போடுற.”

“வலை தடிப்பு நூல். தின்னத் தின்ன வருசக்கணக்கில நிக்கும். இது வெங்காயத் தோல் நானா.” கவ்விகளைப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: “நான் சொல்லியிருக்கோணும். சொல்லத் தேவையில்லையெண்டு நினைச்சிட்டன்.”

மாமா கிழிந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டரை வருடம் தன் பின்னால் உட்கார்ந்து பறந்தவர்களை நினைத்திருக்க வேண்டும். ஒரு பருவத்துக்குக் குறைந்தது இருநூறு பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பையைத் தட்டிக் காட்டி, “பயப்பட வேண்டாம், இது இருக்கு” என்று ஆங்கிலத்தில் சொல்வது அவர் வழக்கம்.

ஹாஜியார்தான் முதலில் எழும்பினார். “சரி, ஏப்ரல் வரைக்கும் ஓட்டுவம். பிறகு வேற ஒண்டு பாப்பம். இப்ப பை தொங்குதுதானே. வாற ஆக்களுக்கு பை போதும்.”

“நான் ஓட்டேலா ஹாஜி.”

“இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கல்லையே.”

“நடக்கல்ல. அதுக்காக நான் ஆள ஏத்தேலா.”

“அப்ப சாவியக் குடு” என்றார் ஹாஜியார். சாவியை அஸ்ஹான் வாங்கினார்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டு முற்றத்தில் அண்ணனும் தம்பியும் கத்தியது தெருவுக்கே கேட்டது.

“நானா, நீங்க இதோட இரண்டரை வருசம் பறந்தீங்கதானே?”

“தெரியாமப் பறந்தன்டா.”

“உங்களுக்குத் தெரியுமா தெரியாதா எண்டு மெசினுக்குத் தெரியுமா? நான் ஓட்டாட்டி சிலாபத்திலயிருந்து ஒருத்தன் வருவான். ஹாஜி பேசி வச்சிரிக்கார். எனக்கு வேற என்ன வேல இரிக்கி, சொல்லுங்க. திரும்பக் கட்டாருக்குப் போய் அம்பது பாகை வெயில்ல நிக்கவா?”

உம்மா நடுவில் போய் நின்று இரண்டு பேரையும் பிரித்தார். அஸ்ஹான் மாமா போகும்போது, “செருப்பப் பாத்துப் போடுங்க, வெயில்ல கிடந்திரிக்கி” என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மாமா செய்யக்கூடியதெல்லாம் செய்தார். அனுமதி கொடுக்கிற இடத்துக்கு மாமியைக் கொண்டு கடிதம் எழுதினார். இன்றுவரை பதில் இல்லை. கபானாவுக்கு வருகிற பயணிகளிடம் நேரே சொல்லலாம் என்று ஒரு நாள் காலையில் மண் வெளிக்குப் போனார். ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். பரசூட் நல்லதில்லை, ஏற வேண்டாம் என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பறப்பதற்கு முன் வழக்கமாகச் சொல்கிற எச்சரிக்கை என்று நினைத்திருக்க வேண்டும். நன்றி சொன்னார்கள். அவரோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கணவன் தலைக்கவசம் போட்டு ஏறினார். மறுநாள் ஹாஜியாரின் காவலாளி மாமாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

இன்னொரு பரசூட்டுக்குக் கேதீஸ்வரன் தேடித்தான் பார்க்கிறார். நானூறு கிலோவுக்கு ஒன்று கிடைத்தால் அதை ஹாஜியார் வாங்க வேண்டும். அவர் வாங்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். மாமா திரும்பவும் கண்டக்குழியில் படகு எஞ்சின் திருத்துகிறார்.

போன மாதம் அஸ்ஹான் மாமா பரசூட்டைத் தானே மடித்தார். கயிறுகளை ஒழுங்காகச் சேர்க்காமல் பைக்குள் திணித்திருந்தார். வீதியில் அந்தப் பையைச் சைக்கிளில் கொண்டுபோனபோது சரீப் மாமா கண்டுவிட்டார். ஒரு பக்கம் புடைத்திருந்தது. வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்தார்.

“இப்பிடி மடிச்சா பையவிட்டு வெளியாகவே ஆகாதுடா.”

“வெளியானா மட்டும்?”

மாமா பையைப் பறித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். கதவைச் சாத்தி, யன்னலுக்குத் துணி கட்டி, வெயில் ஒரு கீற்றும் விழாமல் பார்த்துக்கொண்டு நடு அறையில் விரித்தார். கேதீஸ்வரன் இழுத்துக் கிழித்த இரண்டு இடத்திலும் ஒட்டுப்போட்டிருந்தது. கயிறுகளை எண்ணினார். ஒவ்வொரு மடிப்பையும் உள்ளங்கையால் நீவினார். அஸ்ஹான் மாமா கதவோரம் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணித்தியாலம் போனது. கடைசியில் பையை மூடி ஊசியைக் குத்தியதும் அஸ்ஹான் மாமா கேட்டார்:

“திறக்குமா நானா?”

“திறக்கும்.”

“பிறகு?”

“பிறகு கிழியும்.” பையைத் தம்பியின் கையில் கொடுத்தார். “உயரமாப் பற. உயரத்தில கிழிஞ்சாலும் மிஞ்சுற துணி விரிய நேரம் கிடைக்கும். நாளைக்கு வாறவர் எத்தின கிலோ?”

“தொண்ணூத்திரெண்டு.”

மாமா தலையை ஆட்டினார். இப்போது மாதத்துக்கு ஒருமுறை அவர்தான் மடிக்கிறார், எங்கள் நடு அறையில், கதவைச் சாத்திவிட்டு. கிழிகிற துணி என்று தெரிந்தும், ஒரு சுருக்கம் விழுந்தால் முழுவதையும் பிரித்து முதலிலிருந்து மடிக்கிறார். ஏப்ரல் முடிய இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஆட்கள் பதிந்திருக்கிறார்கள்.