தொட்டிக்குள் வந்த அம்மை

உள்ளறையில் டக்கென்று ஒரு சத்தம். மீன்தொட்டியின் தகர மூடியில் ஏதோ மோதியது.

"கேட்டியா? அம்மன் வெளையாடுறா!" வந்து நின்ற பொன்னுமணியைப் பார்த்துச் சொல்லி, சுந்தரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வாசல் நிலையில் வேப்பிலை தொங்கியது. மீனுக்கு அம்மை போட்டுவிட்டதாம். அம்மை கண்ட வீட்டில் விசேஷம் கூடாதென்று, அடுத்த வெள்ளிக்கிழமை நடக்கவிருந்த மருமகள் வேலுத்தாயின் வளைகாப்பை நிறுத்திவிட்டார். வளையல் போட்டால்தான் ராசிங்காபுரத்துத் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போக முடியும். அழுது அழுது அந்தப் பெண்ணின் முகமே வீங்கியிருந்தது. பொன்னுமணிக்குச் சொல்லியனுப்பியது அவள்தான்.

பொன்னுமணி பகலில் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். தாலி கட்டியவன் மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் கண்டுவிட்டான். அழுது தீர்த்தவள் ஒருநாள் மதுரைக்கு ரயிலேறி, தூக்குவாளியில் மோலி என்ற வளர்ப்பு மீன்கள் வாங்கி வந்தாள். அது எழுபத்துமூன்றில். பேச்சுத்துணையற்ற பத்து வருஷமும் மீன்களையே பார்த்திருந்த கண்கள் அவளுடையவை.

மஞ்சள் கரைத்த தண்ணீரிலிருந்து மீனைக் கண்ணாடிப் பாட்டிலில் மொண்டு, வெளிச்சத்தில் பிடித்தாள். செம்பொன் உடம்பெல்லாம் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

"ஆத்தா, இது அம்மையில்ல. சன்னலத் தொறந்து போட்டீகளா? தை மாசத்துக் குளிர்ல தண்ணி சில்லிட்டுப் போச்சு. அதுல வர்ற நோவு. அரிப்புத் தாங்காமத்தான் துள்ளி முட்டுது."

"வயிறு வீங்கிக் கெடக்கே?"

"வீக்கம்னா செதிலு சிலுத்துக்கிட்டு நிக்கும். இது வழுவழுன்னு படிஞ்சிருக்கு. வாலுக்கு முன்னால கருப்பாத் தெரியுதா? சினை. இது முட்டையிடாம குட்டி போடுற சாதி. உங்க மருமகளுக்கு முந்தி இவ பெத்துருவா!"

வேலுத்தாய் அழுகையினூடே சிரித்துவிட்டாள். மாமியாருக்குச் சுருக்கென்றது.

"நாலு பிள்ள பெத்தவ கணக்கா பேசுறதப் பாரு!"

பொன்னுமணியின் கண்கள் நிறைந்தன. பாட்டிலை மெல்லத் தரையில் வைத்தாள்.

"பெத்ததில்ல ஆத்தா, பார்த்திருக்கேன். புதன்கிழமைக்குள்ள புள்ளி உதிரலேன்னா, ஊரறிய நானே உங்க வாசல்ல வேப்பில கட்டுறேன்."

தண்ணீரை மாற்றி, கல்லுப்பைக் கரைத்து, தொட்டிக்கு மேல் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டாள். வேலைக்குப் போகும் வழியில் தினமும் வந்து பார்த்தாள்.

புதனன்று மீனின் உடம்பில் ஒரு புள்ளியும் இல்லை. பாசிக்குள்ளே கண்ணும் வாலுமாய்க் குஞ்சுகள் ஒளிந்து திரிந்தன. சுந்தரம்மாள் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய், தன் கையாலேயே வேப்பிலையை அவிழ்த்தார்.

"வளைகாப்பு நடக்கும்னு ராசிங்காபுரத்துக்கு ஆளனுப்புங்கடா!"

வேலுத்தாய் ஓடிவந்து பொன்னுமணியின் கையைப் பற்றினாள். "அக்கா, எனக்கு வளையல் போட நீங்களும் வரணும்."

பிள்ளையில்லாதவளை அந்த மாதிரி சபைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. பொன்னுமணி தயங்கி மாமியாரைப் பார்த்தாள்.

"எம் மூஞ்சில என்ன இருக்கு? அவதான் கூப்பிடுறாள்ல. வெள்ளிக்கெழம வெரசா வந்து சேரு," என்றார் சுந்தரம்மாள், எங்கோ பார்த்தபடி.

"வர்றேன் ஆத்தா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து படியிறங்கினாள் பொன்னுமணி. அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு, சுந்தரம்மாள் கதவைச் சாத்தினார்.