இல்லை என்று நேரில் வந்து சொன்னவர்

சவரிமுத்து இறந்த செய்தியை எனக்குச் சொன்னது ஒரு ஆட்டோ. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு காலையில், மேலே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்தது. 'முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்' என்பது மட்டும் காதில் விழுந்தது. மீதி, எதிரே வந்த தண்ணீர் லாரியின் இரைச்சலில் போய்விட்டது. வாசலுக்குப் போய் நின்றேன். ஆட்டோ தெருமுனையில் திரும்பி வந்து இன்னொரு முறை சொன்னபோது பெயரும் அடக்க நேரமும் தெளிவாகக் கேட்டன. ஆடித் தள்ளுபடியை அறிவிக்கும் அதே குரல், அதே ஏற்ற இறக்கம். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டு அவர் நெடுநாளாகப் படுத்திருந்தார், அதனால் வியப்பில்லை. உள்ளே வந்து, கையிலிருந்த தாளைத் திருத்தி முடித்தேன். பிறகு அடுத்த தாளை எடுக்க முடியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களில் பாதிப் பேர் இரண்டாம் முறை அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கலாம்.

திண்டுக்கல்லில் வெங்காயக் கமிஷன் மண்டி நடத்திய கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. முதல் தேர்தலில் வென்ற புதிதில் எங்கள் கல்லூரி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார். அங்கே நான் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். கல்லூரி முதல்வர் அறையில் தேநீர் கொடுத்தபோது, சட்டமன்றத்தில் என்ன நடக்கிறது என்று உங்கள் தொகுதியில் எவருக்கும் தெரியாது, நீங்கள் திறப்பு விழாவுக்கு மட்டும்தானே வருகிறீர்கள் என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை. முதல்வர் என்னை முறைத்தார். சவரிமுத்து கோப்பையைக் கீழே வைத்தார்.

"நெசந்தான் டீச்சர். எனக்கே பாதி புரியல. நீங்க புரியிற மாதிரி எழுதிக் குடுங்க, நான் போயிச் சொல்றேன்."

மேடைப் பேச்சு என்று நினைத்தேன். மறுவாரம் அவருடைய ஓட்டுநர் அந்தோணி ஒரு கட்டு அரசாங்கக் காகிதத்தோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

அந்தப் பதவிக்காலம் முழுவதும் எழுதிக் கொடுத்தேன். ரேஷன் கடையில் என்ன மாறுகிறது, நூறு நாள் வேலைக்குத் தில்லியில் என்ன முடிவாகியிருக்கிறது, நிலம் எடுக்கும் சட்டம் என்ன சொல்கிறது, இப்படி. அவர் மாலை நேரத்தில் ஒரு ஊருக்குப் போவார். ரேஷன் கடை முன்னால் நின்றபடி, முதலில் ஊர்ச் சேதி, பிறகு சென்னைச் சேதி, கடைசியாகத் தில்லிச் சேதி சொல்வார். மேடை, மாலை, சால்வை எதுவும் கிடையாது. அவர் கட்சிக்காரர்களுக்கே இது பிடிக்கவில்லை.

ஒருமுறை சின்னாளப்பட்டியில், தில்லியில் அறிவித்த ஒரு புதிய திட்டத்தைப் பற்றி நெடுநேரம் விளக்கினார். முன்வரிசையில் நின்ற நெசவாளர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்றார். சவரிமுத்து யோசித்து, ஒன்றுமில்லை என்றார்.

"இதச் சொல்லவாய்யா காரெடுத்துட்டு இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"ஆமாப்பு. சொல்லாட்டி, வரும் வரும்னு பாத்துக்கிட்டு இருப்பீகல்ல."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது, எல்லாவற்றையும் இப்படி உடைத்துச் சொல்லத்தான் வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன். "மண்டியில வெல எறங்கிட்டா எறங்கிருச்சுன்னு சொல்லணும் டீச்சர். மறைச்சா அன்னிக்கு ஏவாரம் நடக்கும். மறுநா லோடு வராது" என்றார்.

எங்கள் பக்கத்தில் கேதம் சொல்லப் போகிறவருக்கு ஒரு முறை உண்டு. சாவுச் செய்தி கொண்டு வந்தவர் அந்த வீட்டில் உட்கார மாட்டார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். கிளம்பும்போது 'வாரேன்' என்று சொல்லாமல் போய்விடுவார். சவரிமுத்து இந்த முறையை அரசாங்கச் சேதிக்கும் கடைப்பிடித்தார். நல்லது என்றால் காப்பி குடிப்பார். கெட்டது என்றால் நின்றபடி சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார். ஒருவனுடைய நிலம் போகிறது என்று சொல்லிவிட்டு அவன் வீட்டுக் காப்பியை எப்படிக் குடிப்பது என்பார். நாளடைவில் ஊர்களுக்கு இது பழகிவிட்டது. அவர் வாயைத் திறக்கும் முன் டம்ளரை நீட்டிப் பார்ப்பார்கள். "குடிச்சுட்டாருடி, பஸ்சு வருது" என்று ஒரு ஊரில் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அதன் குறுக்கே புதிய நான்குவழிச் சாலை போவது தில்லியில் முடிவாகிவிட்டது. வீடுகள் ஒருபுறமும் காடுகழனி மறுபுறமுமாக ஊர் இரண்டாகும். அதைச் சொல்ல அவர் போன மாலையில் நானும் உடன் போனேன். சொல்ல வேண்டியவை மூன்று. சாலைக்கென்று அளந்து கல் நட்ட நிலத்தில் இனி எதையும் பயிரிட வேண்டாம். சாலையைத் தடுக்க முடியாது. ஆனால் சாலைக்கு அடியில் ஆளும் மாடும் போய்வர ஒரு சுரங்கப்பாதை வேண்டும் என்று இந்த மாதத்துக்குள் ஊரே எழுதிக் கேட்டால், வரைபடத்தில் சேர்க்க இடமிருக்கிறது.

பாண்டியம்மா என்ற விவசாயப் பெண் சொம்பில் மோர் கொண்டு வந்தார். சவரிமுத்து கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். கூட்டத்தின் சலசலப்பு நின்றது. "வெயில்ல வந்துருக்கீக, வாய நனைச்சுட்டுச் சொல்லுங்க. நல்லதாத்தான் சொல்லுவீக" என்று பாண்டியம்மா சொம்பை நீட்டியபடியே நின்றார். சவரிமுத்து பேச ஆரம்பித்தார். இரண்டு வாக்கியத்துக்குள் அவருக்குக் கை நடுங்கி, முகம் வேர்த்துவிட்டது. காலையிலிருந்து சாப்பிடாததால் சர்க்கரை இறங்கியிருந்தது. அந்தோணி அவரை ரேஷன் கடைப் படியில் உட்கார வைத்து, யாரோ கொடுத்த வெல்லத்தை வாயில் போட்டார். கைக்கெட்டிய தூரத்தில் அந்த மோர்தான் இருந்தது. வாங்கிக் குடித்தார்.

பிறகு எழுந்து, மூன்றையும் இரண்டு தடவை சொன்னார். நான் சாட்சி. அதைவிடத் தெளிவாக எவராலும் சொல்லியிருக்க முடியாது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த ஊரிலிருந்து ஒரு மனுகூடப் போகவில்லை. அடுத்த பருவத்தில் பாண்டியம்மாவும் அவர் கணவரும் கல் நட்ட நிலத்தில் மல்லிகைப் பதியன் வைத்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர்களும் வைத்தார்கள். முதல் மொட்டு எடுக்கத் தொடங்கிய வாரம் இயந்திரங்கள் வந்தன.

சேதி கேட்டு நாங்கள் போனபோது, செடிகள் வேரோடு ஒருபக்கம் குவிந்து கிடந்தன. சவரிமுத்து கோபப்படவில்லை. நான்தான் கேட்டேன், இவர் வந்து சொன்னாரே, காதில் விழவில்லையா என்று. பாண்டியம்மாவின் கணவர் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"கவருமெண்டு ஆளு, அப்படித்தான் பேசியாகணும். அதுக்காக எல்லாத்தையும் வெளிய சொல்ல முடியுமா? ஆனா மோரு குடிச்சாருல்ல."

காரில் ஏறிய சவரிமுத்து, வண்டியை எடுக்கப்போன அந்தோணியைத் தடுத்தார். "வாய்ல சொன்னத விட்டுட்டு வயித்துக்குள்ள போனத நம்பிட்டாங்க டீச்சர்" என்றார்.

அவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை. பதவியில் இருப்பவர்கள் சொல்வது ஒன்று, நடப்பது வேறு என்பதை அந்த ஊர் தன் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறது. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார், யார் வீட்டில் கை நனைத்தார் என்பதை வைத்துத்தான் அது உண்மையை ஊகித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊருக்கு, சொல்லுக்கு நேர்ப்பொருள் மட்டுமே வைத்துப் பேசும் ஒருவர் வந்தார். மற்றவர்களைப் படித்தது போலவே அவரையும் படித்தார்கள். தகவல் கிடைத்தால் மக்கள் குடிமக்களாவார்கள் என்று நான் வகுப்பில் சொல்லி வந்தேன். இப்போதும் அந்தப் பாடத்தை நடத்துகிறேன், ஆனால் அன்றிலிருந்து அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை.

அடுத்த தேர்தலில் எதிர்த்து நின்றவர்கள் அதிகம் மெனக்கெடவில்லை. 'இழவு சொல்ற எம்.எல்.ஏ.' என்ற பட்டம் போதுமாக இருந்தது. கணிசமான வித்தியாசத்தில் தோற்றார். அந்தச் சிற்றூரிலும் தோற்றார். தோற்ற பிறகு அங்கே போனபோது, பாண்டியம்மா ஒளிக்காமல் சொன்னார்.

"ஒங்களுக்குப் போடலய்யா. நீங்க வந்தாலே பயமா இருக்கு."

"எனக்கே கண்ணாடியில என்னயப் பாத்தா பயமாத்தாம்மா இருக்கு" என்றார் சவரிமுத்து. இருவரும் சிரித்தார்கள். அவர் ஒருவரிடம் சிரித்துப் பேசி நான் பார்த்தது அதுதான் கடைசி.

சாலை திறந்த பிறகு, மிஞ்சிய நிலத்துக்குப் போக அந்த ஊர் அதைக் குறுக்கே கடந்தாக வேண்டியிருந்தது. அப்படிக் கடக்கும்போதுதான் பாண்டியம்மாவின் கணவர் வண்டியில் அடிபட்டு இறந்தார். சுரங்கப்பாதைக்காகச் சவரிமுத்து அலையத் தொடங்கியது அதன் பிறகு. பதவி இல்லாதவருக்கு அலுவலகங்களில் நாற்காலிகூட இல்லை. அவர் காத்திருந்தார், மனு கொடுத்தார், அந்தோணியின் பைக்கில் ஊருக்குப் போய் இன்னும் பதில் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். பதில் இல்லை என்பதைச் சொல்லவும் ஒருவர் நேரில் போக வேண்டுமா என்று நான் கேட்டதுண்டு. பின்னே எப்படித் தெரியும் என்றார்.

பாண்டியம்மா அவரை நம்ப ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். சாலைக்கு அப்பால் மிஞ்சிய பாதி நிலத்தை ஒருவர் விலைக்குக் கேட்டபோது, கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பாதை கேட்டு ஐயா போயிருக்காரு, இந்தத் தடவை அவரு சொல்றதுதான் சேதி என்றாராம்.

மருத்துவமனையில் நான் கடைசியாகப் பார்த்தபோது அவருக்குப் பேச மூச்சு போதவில்லை. கடைசி மனுவை அந்தோணி இணையத்தில் பதிந்தபோது, என் கைப்பேசி எண்ணைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அனுமதி கேட்காமல் கொடுத்ததற்கு வருத்தம் தெரிவித்தார்.

"பதில் வந்தா போயிச் சொல்லிருங்க டீச்சர். போன்ல சொல்லாதீங்க."

பார்க்கிறேன் என்றேன். என் சுபாவம் அது. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கத்துக்கு அந்தச் சிற்றூரிலிருந்து பாண்டியம்மா மட்டும் வந்திருந்தார். கட்சிக்காரர்கள் சிலர் வந்தார்கள், மாலையைக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபித்தபோது பாண்டியம்மா ஒதுங்கி நின்றார். என்னைக் கண்டதும், பாதையைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று மட்டும் கேட்டார். அன்று எனக்கு ஒன்றும் தெரியாது.

மறுவாரம் குறுஞ்செய்தி வந்தது. சுரங்கப்பாதை அமைக்கச் சாத்தியமில்லை, மனு முடித்துவைக்கப்பட்டது. இரண்டே வரி. மேலே யாரிடமாவது கேட்க வழியிருக்கிறதா என்று, அந்தத் துறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் விசாரித்தேன். இல்லை மேடம் என்றாள், தயங்காமல்.

சவரிமுத்துவின் படம் என்னிடம் இல்லை. அவர் பேச்சை நான் பதிவு செய்து வைக்கவும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தச் சேதி ஒன்றுதான். நிலத்தைக் கேட்டவர் இந்த மாதத்தோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளப்போவதாகச் சொல்லியிருக்கிறாராம். பாண்டியம்மா இன்னும் விற்கவில்லை. தினமும் காலையில் சாலையோரம் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போகிறேன். இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.