வாயருகே வந்த தம்ளர்

கம்பத்தில் மிஷன்காரர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் அம்சத் பீவி ஆயாவாக இருந்தாள். ஏலமலைக்குக் கூலிக்குப் போன புருஷன் காய்ச்சலில் இறந்துபோக, மகன் அபுபக்கரை ஆளாக்க வேண்டுமே என்று சேர்ந்த வேலை. பெண்கள் வார்டில் படுக்கையோடு கிடப்பவர்களைப் புரட்டிவிடுவாள், முதுகு புண்ணாகாமல் துடைத்துவிடுவாள், துணி மாற்றுவாள். அருவருப்பு ஒரு மாதத்தில் போய்விட்டது. பயம் மட்டும் பிறகுதான் வந்தது.

அதைக் கொண்டுவந்தவள் தேவாரத்து மாயக்காள். முப்பத்தேழாம் வருஷ மாசிமாதம், பாரிசவாயு அடித்து வலது கை கால் விழுந்து, வாய் கோணி, பேச்சற்று மாட்டுவண்டியில் வந்தாள். நர்ஸ் ஞானசெல்வி அவளைப் பல்லைக் காட்டச் சொன்னாள், கைகளைத் தூக்கச் சொன்னாள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரை நாக்கில் விட்டு, தொண்டைக்குழியில் விரல் வைத்துப் பார்த்தாள். குழி அசையவில்லை. மாயக்காளுக்கு இருமல் வந்து கண் பிதுங்கியது.

"வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். உதட்டை மட்டும் ஈரத்துணியால நனச்சுவிடுங்க" என்றாள் ஞானசெல்வி.

மூன்றாம் நாள் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பிழைக்க மாட்டாள், வீட்டில் போய்ச் சாகட்டும் என்று பேசிக்கொண்டார்கள். "உசுரு போன பெறகு தண்டட்டியக் கழட்டுனா காது கிழிஞ்சு போகும். இப்பவே கழட்டிருவோம்" என்றாள் ஒருத்தி, படுக்கைக்குப் பக்கத்திலேயே நின்று. அப்போது மாயக்காளின் இடது கை அம்சத் பீவியின் சேலையைப் பிடித்தது. குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்தவளுக்குப் புரிந்தது. இவளுக்கு எல்லாமே கேட்டுக்கொண்டிருக்கிறது!

டாக்டர் தடுத்தும் கேளாமல் வாசலுக்குத் தூக்கிப்போனார்கள். வண்டியில் கிடத்தியதும் மாயக்காளின் மகன் சங்கில் பாலோடு வந்தான்.

"ஐயா, ஊத்தாதீக. நர்சம்மா கூடாதுன்னு சொல்லிருக்காக" என்றாள் அம்சத் பீவி.

"சாகப்போற ஆத்தாளுக்குப் பால் ஊத்தக் கூடாதுங்க நீ யாரு?"

அவன் சங்கை வாயில் சாய்த்தான். பால் உள்ளே போனது. மாயக்காளின் இடது கை வைக்கோலை அள்ளி அள்ளிப் பிடித்தது, பிறகு நின்றது. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள்.

அதன்பின் அம்சத் பீவிக்குச் சோறு இறங்கவில்லை. சாவுக்கு அவள் பயப்படவில்லை. செத்துவிட்டதாக மற்றவர்கள் முடிவு செய்த பிறகும் உள்ளே விழித்துக் கிடப்போமோ என்றுதான் நடுங்கினாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு நண்பகல் கிணற்றடியில் அவள் கையிலிருந்து கயிறு நழுவியது. பிடிக்கப் போனால் விரல் மடங்கவில்லை. பக்கத்தில் நின்றவளைக் கூப்பிடப் போனால் நாக்கு கட்டையாய்க் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஓட்டமும் நடையுமாய் ஞானசெல்வியிடம் போனாள். வார்டில் எத்தனையோ பேருக்குச் செய்ததை ஞானசெல்வி இப்போது அவளுக்குச் செய்தாள். அம்சத் பீவி பல்லைக் காட்டினாள், வாய் கோணவில்லை. கண்ணை மூடிக் கையை நீட்டினாள், தாழவில்லை. டாக்டர் ரத்தக்கொதிப்பு பார்த்துவிட்டு, உப்பைக் குறை, பாரம் தூக்காதே என்று மட்டும் சொன்னார்.

"திரும்ப வருமா நர்சம்மா?"

ஞானசெல்வி பொய் சொல்லத் தெரியாதவள். "வரலாம்க்கா" என்றாள்.

வீட்டில், அபுபக்கருக்குக் கட்டிவந்த மருமகள் ஜெய்த்தூனிடம் சொல்லிப் பார்த்தாள். "நான் விழுந்துட்டா வாயில தண்ணி ஊத்த விட்ராத. ஒருக்களிச்சுப் படுக்க வையி. எனக்குக் கேக்கும், கண்ணைப் பாத்துப் பேசு..."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க மாமி!" ஜெய்த்தூன் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அன்று முதல் அம்சத் பீவி விழித்ததும் முதலில் வலது கை விரல்களை மடக்கிப் பார்ப்பாள். அப்புறம் தன் பெயரைத் தானே ஒருமுறை சொல்லிக்கொள்வாள்.

ஆனால் அந்த வாயு ஒருநாள், விழித்திருக்கும்போதே, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கையில் வந்தது. சாய்ந்தாள். அபுபக்கர் உத்தமபாளையம் சந்தைக்கும் ஜெய்த்தூன் தண்ணீர் எடுக்கவும் போயிருந்தார்கள். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ சாவுப்படுக்கையில் ஓதும் யாசீனை ஓதத் தொடங்கினார்கள். மல்லாக்கக் கிடந்தவளின் முகத்துக்கு மேல் பித்தளைத் தம்ளர் ஒன்று வந்தது.

"கடைசித் தண்ணி. தாகத்தோட போகக் கூடாது" என்றது ஒரு குரல்.

அலறினாள். சத்தம் வரவில்லை. இடது கையால் தம்ளரைத் தட்டிவிட்டாள். "ஜன்னி கண்டுருச்சு, கையப் புடிங்கடி" என்று இரண்டு பேர் அந்தக் கையையும் அமுக்கினார்கள். தாடையை ஒருத்தி அழுத்தித் திறந்தாள். தண்ணீர் உதட்டைத் தொட்டது. மாயக்காள் பார்த்த பார்வை இப்போது தன் கண்ணில் இருக்கிறது, யாராவது பாருங்களேன் என்று அவள் உயிர் தவித்தது.

"ஊத்தாதீக!"

ஜெய்த்தூன்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தம்ளரைப் பிடுங்கி எறிந்தாள். மாமியாரைப் புரட்டி ஒருக்களிக்க வைத்தாள்.

"மாமி, நான் சொல்றது கேக்குதா? கேட்டா கண்ணை மூடித் தொறங்க."

அம்சத் பீவி கண்ணை மூடித் திறந்தாள். ஓதிக்கொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தான் துடைத்துவிட்ட கட்டில்களில் ஒன்றிலேயே கிடந்தாள். மூக்கில் விட்ட குழாய் வழியே பால் போனது; பத்துப் பன்னிரண்டு நாளைக்குப் பிறகு தொண்டைக்குழி அசைந்தது. கெட்டியாய்க் காய்ச்சிய கேப்பைக் கூழை, நல்ல பக்கத்துக் கன்னத்தில் வைத்து ஞானசெல்வி ஊட்டினாள். ஒவ்வொரு கரண்டிக்கும் அம்சத் பீவிக்கு வியர்த்துக் கொட்டியது.

கால் கொஞ்சம் திரும்பியது, கை திரும்பவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் வந்தது: "நாளைக்கு." பசிக்கிறதா என்று கேட்டாலும் நாளைக்கு, வலிக்கிறதா என்று கேட்டாலும் நாளைக்கு. அபுபக்கர் முதலில் சிரித்தான். பிறகு வெளியே போய் அழுதான்.

யார் தம்ளர் நீட்டினாலும் அவள் இடது கை தானாக ஏறி வாயை மூடிக்கொள்ளும். ஜெய்த்தூன் கரண்டியால் கொடுத்தால் மட்டும் குடிப்பாள். அதனால் ஜெய்த்தூன் தாய்வீட்டுக்குப் போவது நின்றுபோனது. தங்கச்சி நிக்காஹ்வுக்குக்கூடப் போகவில்லை. அன்று காலை அம்சத் பீவி அவளை வாசல் பக்கம் கைகாட்டித் தள்ளினாள். "நாளைக்கு, நாளைக்கு" என்றாள், கண்ணில் நீர் வழிய.

"நாளைக்கும் போகல மாமி" என்று சொல்லிவிட்டு ஜெய்த்தூன் கூழ்ச்சட்டியை எடுத்துவரப் போனாள்.

அப்படி இன்னும் மூன்று வருஷம் அம்சத் பீவி உயிரோடு இருந்தாள்.