சட்டைப் பையில் ஒரு நெகட்டிவ்

தங்கராசுவுக்கு மணி பார்க்காமல் ஒரு நாளும் ஓடாது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை கிளினிக், நர்சிங் ஹோம், ஆஸ்பத்திரி எனப் படியேறி மருத்துவக் கழிவை வேனில் அள்ளிப் போடுவது அவர் வேலை. எந்தப் பையும் எங்கேயும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்பது விதி. பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில் வரும். ஊசி மட்டும், எதுவும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் வர வேண்டும். பையைத் தூக்குமுன் போனில் ஸ்கேன் செய்தால் நேரம் நிமிடக் கணக்கில் பதிவாகிவிடும்.

மங்கலம்பேட்டைப் பக்கம் கரும்பு போட்ட குடும்பம். கடலூருக்கு வந்து பத்து வருடம் கேஸ் சிலிண்டர் தூக்கினார். தோள் கெட்டுப்போன பிறகு இந்த வேன். செம்மண்டலத்தில் வாடகை வீடு, மனைவி அமிர்தம், பிளஸ் டூ படிக்கும் மகள். சிலிண்டர் வேலை போனாலும் அதன் பழக்கம் போகவில்லை: எந்தச் சுமையையும் தொடையோடு அணைத்துத்தான் தூக்குவார்.

அந்தத் திங்கட்கிழமை அண்ணாமலை நகரில் ஒரு சின்ன கிளினிக். மஞ்சள் பையை ஸ்கேன் செய்து தொடையில் அணைத்தார். சுரீர் என்றது. பார்த்தால் பேண்ட்டில் கடுகளவு ரத்தம். பையைக் கிழித்துக்கொண்டு மூடியில்லாத ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. யாருக்குப் போட்ட ஊசி என்று கிளினிக்கில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"சுண்ணாம்பு தடவு மாமா, சரியாப் பூடும்" என்றான் வேன் ஓட்டும் செந்தமிழ்ச்செல்வன். "எனக்கு எத்தினி தடவ குத்தியிருக்குது தெரியுமா?"

தங்கராசு சோப்புப் போட்டுக் கழுவினார். மனசில் இருந்த பயத்தை மட்டும் கழுவ முடியவில்லை. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஒரு தனியார் லேபில் ரத்தம் கொடுத்தார். சாயங்காலம் சீட்டு வந்தது. எச்.ஐ.வி: நெகட்டிவ்.

போன உயிர் திரும்பி வந்தது. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகிற இடமெல்லாம் எடுத்துக் காட்டினார். "சுண்ணாம்பாம் சுண்ணாம்பு!" என்று செல்வனைச் சீண்டினார். "குத்துனா டெஸ்ட் எடு மாப்ள. நெகட்டிவ்னு வந்துட்டா கத முடிஞ்சுது."

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வேன் கடலூர் அரசு மருத்துவமனைக்குள் நுழைந்தது. அவசரப் பிரிவில் கழிவு ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடும் சிஸ்டர் கனிமொழிக்குத் தங்கராசுவை நாலு வருடமாகத் தெரியும்.

"இன்னாண்ணே, இன்னிக்கு முகம் பளபளன்னு இருக்குது?"

தங்கராசு சீட்டை எடுத்து நீட்டினார். "பாஸாயிட்டேன் சிஸ்டர். திங்கக்கெழம ஊசி குத்திடுச்சு. செவ்வாக்கெழமயே டெஸ்ட்டு. ஒண்ணும் இல்ல."

கனிமொழி சிரித்துக்கொண்டே வாங்கினார். படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாத்திர போட்டீங்களா?"

"எதுக்கு? அதான் நெகட்டிவ்னு போட்டிருக்குதே."

"அண்ணே, இது ஊசி குத்துறதுக்கு முன்னாடி நீங்க எப்படி இருந்தீங்கன்னு சொல்ற சீட்டு. அந்த ஊசியில கிருமி இருந்தா, ஒரே நாள்ல டெஸ்ட்ல தெரியாது. வாரக்கணக்காகும். குத்துன அன்னிக்கே ஓடி வந்திருக்க வேணாமா? கிருமி ஒட்டாம தடுக்குற மாத்திர இருக்குது, ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிச்சா ரொம்ப நல்லது. எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டிட்டா குடுத்தும் பிரயோஜனம் இல்ல. எத்தன மணிக்குக் குத்துச்சு?"

இரண்டு நாளாக நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த காகிதம் மேசைமேல் கிடந்தது. காலையிலே என்று தங்கராசு முணுமுணுத்தார். எட்டா, ஒன்பதா, பத்தா? நினைவு வரவில்லை. பிறகுதான் கை போனுக்குப் போனது. திங்கட்கிழமை ஸ்கேன் பதிவைத் தேடி எடுத்தார். அண்ணாமலை நகர், மஞ்சள் பை, திங்கள், ஒன்பது நாற்பது.

சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பத்தைந்து.

"முக்கால் மணி நேரம் இருக்குது. வாங்க!" கனிமொழி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பணி மருத்துவர் தொடையைப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். அதன் முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. ஒரு மாத்திரையும் தண்ணீரும் கைக்கு வந்தன. ஒன்பது பன்னிரண்டுக்குத் தங்கராசு விழுங்கினார். தண்ணீர் பாதி சட்டையில் வழிந்தது.

"தினம் ஒண்ணு. இருபத்தெட்டு நாள். ஒரு நாள் கூட விடக் கூடாது" என்றார் மருத்துவர். "நீங்க ரொம்ப லேட்டு. மாத்திர வேல செய்யும்னு நம்புறோம், சத்தியம் பண்ண முடியாது. ஆறு வாரத்துல ஒரு டெஸ்ட், மூணு மாசத்துல ஒண்ணு. அதுவரைக்கும் வீட்டுல ஆணுறை கட்டாயம். ரத்த தானம் கூடாது."

வீட்டில் அமிர்தத்துக்கு எதுவுமே தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போன் போட்டார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"மூணு நாளா வாயில இன்னா, கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்றாள் அமிர்தம். பிறகு குரல் உடைந்தது. "மாத்திர முழுங்கிட்டியா? சத்தியமா?"

"முழுங்கிட்டேன்."

வெளியே வேனில் சாய்ந்து நின்ற செல்வன் கையாட்டினான். "எவ்ளோ நேரம் மாமா? அடுத்த எடத்துல கத்தப் போறாங்க." அவன் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"கையில இன்னா?"

"நேத்து காலையில அந்த லாட்ஜ் பக்கத்துக் கிளினிக்ல குத்திடுச்சு. நீ சும்மா பயப்படாத. சாயங்காலம் உன் லேபுக்குத்தான் போறேன். நெகட்டிவ்னு வந்துட்டா கத முடிஞ்சுதுன்னு நீதானே சொன்ன?"

இந்த இரண்டு நாளில் சீட்டை எத்தனை பேருக்குக் காட்டினோம்? தங்கராசு செல்வன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"யோவ் மாமா, விடுய்யா! பை ஏத்த வேணாமா? நாப்பத்தெட்டு மணி நேரம் தாண்டிடும்!"

"தாண்டட்டும்டா, மொதல்ல உனக்கு மாத்திர" என்றார், ஆறு வருடத்தில் ஒரு பையைக் கூடத் தாமதிக்க விடாத தங்கராசு. அவனை இழுத்துக்கொண்டு அவசரப் பிரிவுப் படிகளில் ஏறினார்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் சீட்டு வந்தது. அமிர்தமும் கூட வந்திருந்தாள். தங்கராசு முதலில் தேதியைப் பார்த்தார், விரல்விட்டு வாரங்களை எண்ணினார், பிறகுதான் கீழே படித்தார். நெகட்டிவ். இந்த முறை அதை மடித்துச் சட்டைப் பையில் வைக்கவில்லை. அமிர்தத்தின் கையில் கொடுத்துவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.